ஐம்பெரும் விலங்குகளுக்கு அப்பால்

கேள்வி: அடுத்த மாதம் கென்யா செல்கிறோம். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை ஆகிய ஐந்தையும்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவை தவிர எவற்றைத் தேடிப் பார்க்கலாம்? (வாசகி, திருச்சி)

பதில்: நல்ல கேள்வி. மசாய் மாராவின் புல்வெளியில் வௌவால்காது நரியை அவசியம் தேடுங்கள். சுமார் 13 செ.மீ. நீளமுள்ள காதுகளைத் தரையை நோக்கிச் சாய்த்து, மண்ணுக்கடியில் புழுக்களும் பூச்சிகளும் அசையும் ஒலியை அது உற்றுக் கேட்கும். பிறகு சட்டென்று முன்கால்களால் தோண்டும். அதன் முக்கிய உணவு கறையான். சாதாரண நரிக்கு 42 பற்கள் என்றால், இதற்கு 46 முதல் 50 வரை உண்டு. குட்டிகளைப் பெரும்பாலும் காவல் காப்பது தந்தை நரிதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

வடக்கே சம்புரு வரை செல்ல முடிந்தால், ஜெரெனுக் என்னும் நீள்கழுத்து மானைக் காணலாம். பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, மற்ற மான்களுக்கு எட்டாத வேல மர இலைகளைப் பறித்துத் தின்னும் இந்த மான், தேவையான நீரைப் பெரும்பாலும் அந்த இலைகளிலிருந்தே பெற்றுக்கொள்வதால், வறண்ட நிலத்திலும் தாக்குப்பிடிக்கிறது.

காலை வெயிலில் பாறைகள்மீது குளிர்காயும், முயலளவே உள்ள பாறை ஹைராக்ஸையும் அலட்சியமாகக் கடந்துவிடாதீர்கள். உருவத்தில் பெருச்சாளியை நினைவூட்டினாலும், அதன் நெருங்கிய உறவினர்கள் யானையும், நம் பாக் நீரிணையில் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவும்தான்.

இவற்றைப் பார்க்க விரும்புவதை வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டி சிங்கத்தைத் தேடியே ஓடும்.