அரங்கத்தில் கிறிஸ்துமஸ் ராக்: கேட்டார்கள், சொன்னேன்

நவம்பர் நடுவில் கிளம்பி டிசம்பர் கடைசி வரை அமெரிக்காவில் ஊர் ஊராகச் சுற்றி, கிறிஸ்துமஸ் இசையை ராக் பாணியில் வாசிக்கிற டிரான்ஸ்-சைபீரியன் ஆர்கெஸ்ட்ரா என்ற குழுவின் கச்சேரிக்கு இந்த வருடம் நம்மவர்கள் நிறையப் பேர் போகிறார்கள். நான் அரங்குகளில் ஒலி அமைப்பு வேலை பார்ப்பவன். ஒலி, மேடை, இசை என்றால் நீளமாகப் பேசுவேன். மற்றதற்கு ஒரு வரிதான்.

அண்ணா, முதல்முறை போகிறோம். தரையில் முன்வரிசை கிடைக்கிறது, விலைதான் பயமுறுத்துகிறது. வாங்கலாமா?

தரைக்கு ஆசைப்படாதீர்கள். ஹாக்கி ஆடுகிற அரங்கமாக இருந்தால், கச்சேரிக்காக அந்தப் பனித்தளத்தை உருக்க மாட்டார்கள். மேலே காப்புப் பலகைகளை அடுக்கி, அதன்மேல் நாற்காலி போடுவார்கள். கால் சில்லிடும். தளம் சமம் என்பதால் முன்னால் ஆறடி ஆள் எழுந்து நின்றால் அவர் முதுகைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

ஒலியிலும் நஷ்டம் உண்டு. முக்கிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரு பக்கமும் கூரையிலிருந்து வாழைக்குலை மாதிரி வளைந்து தொங்கும். அவை தூரத்து ஆட்களை நோக்கித் திருப்பப்பட்டவை. முதல் சில வரிசைக்கு மேடை விளிம்பில் வைத்திருக்கும் சின்னப் பெட்டிகளும் டிரம்ஸின் நேரடி அடியும்தான் கேட்கும். பாடுகிறவர் குரல் அதற்குள் அமுங்கிவிடும்.

என் காசு என்றால் மேடைக்கு நேர் எதிரே, கீழ் அடுக்கில் வாங்குவேன். மிக்ஸர் மேசை பெரும்பாலும் தரையின் பின்பாதியில், நடுவில் இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் ஒலியைக் கலக்குகிறார், ஆகவே அவருக்குப் பின்னால் ஏறும் வரிசைகள்தான் பத்திரமான இடம். இந்தக் குழு நடுவில் அரங்கின் பின்கோடியில் இருக்கும் இரண்டாவது மேடைக்கு வந்து வாசிக்கிற வழக்கமும் உண்டு. அப்போது முன்வரிசைக்காரர்கள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள்.

மேல் அடுக்கை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். லேசர் விரிப்பு முழுதாகத் தெரிவது அங்கிருந்துதான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. மேடையிலிருந்து 80 மீட்டர் தள்ளி இருந்தால் டிரம்ஸ் குச்சி இறங்குவது தெரிந்து கால் நொடி கழித்துத்தான் அடி கேட்கும். சிலருக்கு அது எரிச்சல், பலர் கவனிப்பதே இல்லை.

ஆறு வயதுப் பையனை அழைத்துப் போகலாமா? கண்ணில் வெளிச்சம் அடிக்குமே என்று பயம்.

கண்ணை விடுங்கள், முதலில் காது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு இது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். ராக் கச்சேரி அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும், இது இரண்டரை மணி நேர நிகழ்ச்சி. பையனுக்குத் தலையைச் சுற்றிப் போடும் காதுமூடி வாங்குங்கள். பஞ்சு அடைப்பான் சின்னக் காதில் சரியாக உட்காராது. வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பழக்குங்கள், இல்லாவிட்டால் முதல் பாட்டிலேயே கழற்றி எறிவான். உங்களுக்கும் ஒரு ஜோடி. இசைக்கலைஞர்கள் போடுகிற அடைப்பான் எல்லாச் சுருதியையும் ஒரே அளவாகக் குறைக்கும், பாட்டு கெடாது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, வீட்டில் யாருக்காவது ஒளி பட்டால் வலிப்பு வரும் என்றால் போகவே வேண்டாம். விட்டுவிட்டு மின்னும் விளக்கு இதில் ஏராளம். நெருப்பும் கக்கும், முன்பக்கத்தில் முகத்தில் சூடு தெரியும்.

டிக்கெட் நான்கும் என் போனில். தனியாக வரும் மச்சானுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் போதுமா?

போதாது. இப்போது பல இடங்களில் பார்கோடு சில நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். செயலியிலேயே அவர் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அதையும் வீட்டிலிருந்தே செய்யுங்கள். வாசலில் இருபதாயிரம் பேர் போனைத் தூக்கிப் பிடிக்கும்போது சிக்னல் செத்துக் கிடக்கும்.

பார்க்கிங் எவ்வளவு ஆகும்?

அரங்கத்தின் இணையதளம்.

பேரில்தான் ஆர்கெஸ்ட்ரா, வயலின் எல்லாம் டேப் என்கிறார் என் நண்பர். உண்மையா?

அவரை முன்னாலேயே உட்கார வையுங்கள், பார்க்கட்டும். கிடார், கீபோர்டு, டிரம்ஸ், பாடகர்கள், முன்னணி வயலின் எல்லாம் குழுவோடு பயணம் செய்பவர்கள். பின்னால் உட்காரும் வயலின், பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோ ஆகியவற்றின் வரிசையை மட்டும் அந்தந்த ஊர்க் கலைஞர்களிலிருந்து எடுப்பார்கள். இசைக்குறிப்புத் தாளைக் கொடுத்து ஒத்திகை பார்த்து மாலையில் மேடை ஏற்றிவிடுவார்கள். ஒரு முழு ராக் குழுவின் சத்தத்துக்கு நடுவே, புதுத் தாளைப் பார்த்து, பக்கத்திலேயே நெருப்பு கக்கும்போது சுருதி பிசகாமல் வில் போடுகிறார்கள். கைதட்டலில் பாதி அவர்களுக்குப் போக வேண்டும்.

ஒரே நாளில் இரண்டு ஊரில் வாசிக்கிறார்களே, எப்படி?

கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று என இரண்டு குழுக்கள்.

சார், எந்த சீட் நல்லது?

முதல் பதில்.

அவர்களுடைய பெரிய ஹிட், போர் நடுவே ஒரு கிழவர் செல்லோ வாசித்த உண்மைக் கதை என்கிறார்களே?

பாதி உண்மை. அந்தக் கருவியிசையின் பெயர் ‘கிறிஸ்துமஸ் ஈவ்/சரயேவோ 12/24’. முதலில் வந்தது 1995-இல், சாவடாஜ் என்ற ஹெவி மெட்டல் குழுவின் ஆல்பத்தில். அந்தக் குழுவோடு வேலை செய்த பால் ஓ’நீல் 1996-இல் டிரான்ஸ்-சைபீரியன் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கி, இதை அதன் முதல் ஆல்பத்திலும் சேர்த்தார். பேட்டிகளில் அவர் சொன்ன கதையில், இளம் வயதில் போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவை விட்டுப் போன கலைஞர் முதுமையில் திரும்பி வந்து, இடிபாட்டின் மேல் ஏறி வாசிக்கிறார்.

நிஜ மனிதர் வேத்ரான் ஸ்மைலோவிச், சரயேவோ ஆப்பராவின் செல்லோ கலைஞர். பிறந்தது 1956. போஸ்னியப் போரில் நகரம் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, 1992 மே 27 அன்று ரொட்டிக்கு வரிசையில் நின்றவர்கள் மேல் குண்டு விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அவர் வாசித்தார். அப்போது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட உள்ளூர்க்காரர், எங்கிருந்தும் திரும்பி வந்தவர் இல்லை. வாசித்ததும் கிறிஸ்துமஸ் பாட்டு இல்லை, பழைய இத்தாலிய இசையமைப்பாளர் அல்பினோனியின் பெயரில் வழங்கும் அடாஜியோ என்ற மெதுவான இசை.

கிழவரானால் என்ன, இளைஞரானால் என்ன? நல்ல கதையை ஏன் கெடுக்கிறீர்கள்?

முப்பத்தைந்து வயது ஆள், ஊரிலேயே இருந்து, அடுத்த குண்டு எப்போது விழும் என்று தெரியாத தெருவில் உட்கார்ந்து வாசித்தார். இதைவிடப் பனியும் நரைமுடியும் சேர்த்த கதை எப்படி ஐயா உசத்தி? இசைக்குள் இருக்கும் யோசனை நல்ல யோசனைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆர்கெஸ்ட்ரா ஒரு தரப்பு, ராக் குழு இன்னொரு தரப்பு, நடுவே தனிச் செல்லோ. தொடக்கத்தில் செல்லோ மட்டும் ஒலிக்கும் சில நொடிகள் அதற்காகத்தான். அந்த நேரத்தில் தயவுசெய்து விசில் அடிக்காதீர்கள்.

மற்றவர் கதையைத் திருத்துமுன் உங்கள் கதையைப் பாருங்கள். அந்த அடாஜியோ அல்பினோனி எழுதியதே இல்லை. இசை ஆய்வாளர் ரெமோ ஜியாசோட்டோ 1958-இல் வெளியிட்டது.

‘பெயரில் வழங்கும்’ என்று எழுதியிருப்பதைப் படிக்கவில்லையா? ஜியாசோட்டோ, பழைய கைப்பிரதித் துண்டு ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். இசை இருபதாம் நூற்றாண்டுடையது என்பதில் நமக்குள் சண்டை இல்லை.

அதே இசையில் வரும் மணி போன்ற மெட்டு ரஷ்யப் பாட்டுத்தானே? குழுவின் பெயரிலேயே சைபீரியா இருக்கிறது.

உக்ரைன்! மிகோலா லியோன்தோவிச் அமைத்த ‘ஷ்செட்ரிக்’, கீவ் நகரில் 1916-இல் முதலில் பாடப்பட்டது. தகைவிலான் குருவி ஒன்று வீட்டுக்குள் பறந்து வந்து வரும் ஆண்டு நல்ல ஆண்டு என்று சொல்லும் புத்தாண்டுப் பாட்டு அது. 1922 அக்டோபரில் நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் உக்ரைன் பாடகர் குழு பாடியது. 1936-இல் பீட்டர் வில்ஹௌஸ்கி மணியோசை பற்றிய ஆங்கில வரிகளை எழுதிய பிறகுதான் அது கிறிஸ்துமஸ் பாட்டானது. லியோன்தோவிச்சை 1921-இல் சோவியத் உளவாளி சுட்டுக் கொன்றான். இதை ரஷ்யப் பாட்டு என்று உக்ரைன்காரர் பக்கத்தில் சொல்லிவிடாதீர்கள். குழுவின் பெயர் ரயில் பாதையைப் பார்த்து வைத்தது.

இதில் இன்னும் ஏழெட்டுப் பேர் மல்லுக்கு நிற்கிறீர்கள். போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஒட்டுமா?

முதல் பாதியில் ஒருவர் மேடையில் நின்று கதை சொல்வார், இடையிடையே பாட்டு. இரண்டாம் பாதி முழுக்க ராக். அரங்க எதிரொலியில் கதையின் ஆங்கிலம் பாதி கரைந்துவிடும். அந்த வருடம் எந்தக் கதை என்று பார்த்து, முன்கூட்டியே சுருக்கமாகப் படித்துவிட்டுப் போனால் யாருக்கும் ஒட்டும்.

டிக்கெட் விலை கடைசியில் ஏறிவிடுமா? அப்புறம், எந்த சீட்...

2025 மே 12 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணைய விதிப்படி கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை ஆரம்பத்திலேயே காட்ட வேண்டும். அரசு விதிக்கும் வரி, அனுப்பும் செலவு போன்றவை மட்டும் கடைசியில் சேரலாம். இரண்டாவது கேள்வியை நான் பார்க்கவில்லை.

முழுக் கச்சேரியையும் போனில் எடுக்கலாமா?

லேசர் நேராக லென்சில் விழுந்தால் கேமராவின் சென்சார் போய்விடலாம், படத்தில் நிரந்தரக் கோடு நிற்கலாம். எடுத்தாலும் பின்னால் உட்காருபவருக்கு மறைக்காமல் எடுங்கள். காதுமூடியை மறந்துவிடாதீர்கள் என்று இன்னொரு முறை சொல்லிக்கொள்கிறேன்.

மதியக் காட்சியா, இரவுக் காட்சியா?

ஒரே நாளில் இரண்டும் இருந்தால் இரண்டிலும் வாசிப்பது அதே ஆட்கள், அதே பாட்டுகள்தான். குழந்தை இருந்தால் மதியம். இரவுக் கூட்டம் கொஞ்சம் கூடுதலாகக் கத்தும், குழுவும் அதற்கேற்பச் சூடேறும். மதியம் போகிறவர்கள் முடிந்ததும் சீக்கிரம் வெளியேறுங்கள், இரவுக்காரர்கள் உள்ளே வரும் அதே வாசலில்தான் நீங்களும் சிக்குவீர்கள்.