கேடயம் வந்த மூன்றாம் நாள்

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி கூடைப்பந்து அணிக்கு கேப்டன். இரண்டு வருடம் பல்கலைக்கழக அணிக்காகத் தென்மண்டலப் போட்டியில் ஆடியிருக்கிறாள். வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வந்துவிடுவாள். சனிக்கிழமைதோறும் மாநகராட்சிப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். இந்த ஆண்டு விழாவில் படிப்பு, விளையாட்டு, தொண்டு மூன்றுக்கும் சேர்த்து 'சிறந்த மாணவி' கேடயம் கொடுத்தார்கள். வாங்கி வந்த மூன்றாம் நாள், "அம்மா, ஆறு மாசத்துக்கு எனக்குப் பந்தே வேண்டாம்" என்கிறாள். ரயில்வே செலக்‌ஷன் வரப்போகிறது என்று பி.டி. மேடம் சொல்கிறார். அவள் அப்பா அவளிடம் பேச்சையே குறைத்துவிட்டார். இவ்வளவு மரியாதை செய்தவர்கள் என்ன நினைப்பார்கள்? அவளுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?
– ஒரு தாய், மதுரை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளுக்கு என் மனமார்ந்த வாழ்த்து. அந்த மூன்றில் ஒன்றை உருப்படியாகச் செய்யவே பலருக்கு மூன்று வருடம் போதாது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் விடுதியில் என் அறைத்தோழியாக இருந்தவள்தான் நினைவுக்கு வந்தாள். அவளும் கல்லூரி அணியில் ஆடினாள். விடியற்காலை ஐந்தரைக்கு சிமென்ட் கோர்ட்டில் நிற்பாள். விரல் மடங்கி வீங்கிவிடும். பக்கத்து விரலோடு சேர்த்து பிளாஸ்டர் சுற்றிக்கொள்வாள். அந்தக் கையால் பிசைய முடியாமல் இடது கையில் ஸ்பூன் பிடித்துத் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு, எட்டே முக்காலுக்கு வகுப்பில் முதல் பெஞ்சில் இருப்பாள். அவளுக்கும் இதே மாதிரி ஒரு கோப்பை கிடைத்தது. அன்றிரவு அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, "இனிமே நான் ஒரு நாள் சோர்ந்து உக்காந்தாக்கூட எல்லாரும் பாப்பாங்கடி" என்றாள். எங்களுக்கு அப்போது அது புரியவில்லை. பைத்தியமா உனக்கு என்று சிரித்தோம். இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

அந்தக் கேடயம் உங்கள் மகள் செய்து முடித்ததற்குக் கிடைத்தது. இனி செய்யப்போவதற்கு யாரும் முன்பணம் கொடுக்கவில்லை. ஆகவே யாருக்கும் அவள் பாக்கி வைத்திருக்கவில்லை.

மாயா மூர் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனையைப் பற்றிச் சொல்கிறேன், உங்கள் மகளின் அப்பாவும் படிக்கட்டும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்காக 2007 முதல் 2011 வரை ஆடியவர். அவர் இருந்த நான்கு வருடத்தில் அந்த அணி 150 ஆட்டம் வென்று நான்கில்தான் தோற்றது. 2009, 2010 இரண்டு வருடமும் தேசிய சாம்பியன். அவர் தனியாக அடித்தது 3,036 புள்ளிகள். ஆட்டத்தோடு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்துத் தருகிற தேசிய கௌரவம் அங்கே உண்டு. பெண்கள் கூடைப்பந்தில் அதன் முதலிடமும் 2010, 2011 இரண்டு முறை அவருக்கே. பிறகு மினசோட்டா தொழில்முறை அணிக்குப் போய் நான்கு சாம்பியன் பட்டம், இரண்டு ஒலிம்பிக் தங்கம்.

அப்படிப்பட்டவர் 2019 பிப்ரவரியில், முப்பது வயதுகூட ஆகாத நேரத்தில், இந்த சீசன் நான் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். ஜொனாதன் அயர்ன்ஸ் என்பவர் மிசௌரி மாநிலச் சிறையில் 50 வருடத் தண்டனையில் இருந்தார். குற்றம் நடந்ததாகச் சொல்லப்பட்டபோது அவருக்கு வயது 16. கல்லூரியில் சேருவதற்கு முன்பே, 2007-ல் அவரைச் சிறையில் சந்தித்து, அவர் நிரபராதி என்று நம்பியவர் மாயா. அந்த வழக்குக்காகத்தான் ஒதுங்கினார். அயர்ன்ஸின் வக்கீலிடம் கொடுக்கப்படாமலே போன ஒரு கைரேகை அறிக்கை வழக்கைத் திருப்பியது. 2020 மார்ச்சில் தண்டனை ரத்தானது. ஜூலை 1 அன்று அயர்ன்ஸ் வெளியே வந்தார். சிறைவாசலில் அவர் வெளியே நடந்து வந்ததும் மாயா முழங்காலில் சரிந்து உட்கார்ந்தார். மாயா அதற்குப் பிறகு ஆடுகளத்துக்குத் திரும்பவே இல்லை. 2025-ல், பெரிய சாதனையாளர்களைக் கௌரவிக்கும் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. பாதியில் போனவர் என்று யாரும் அவருடைய பழைய கோப்பைகளைத் திருப்பிக் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர் கதை வேண்டுமென்றால் சென்னையிலேயே இருக்கிறது. கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை, குழந்தை பிறந்த பிறகு மறுபடி பந்தைப் பிடித்து, 2017-ல் பெங்களூருவில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவை இந்தியா வென்றபோது அணியில் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ. ஆறு மாத இடைவெளிக்கு நீங்கள் இப்படிப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனாலும் காரணம் தெரியாமல் விடக்கூடாது. முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தினமும் ஓடுகிற பெண் பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து குறைவது சகஜம். மாதவிலக்கும் சேர்ந்தால் இன்னும் குறையும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடம்பில் இரும்பின் கையிருப்பு காலியாகியிருக்கலாம், அதனால் அதைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலிலோ கணுக்காலிலோ வலியை மறைக்கிறாளா என்றும் கேளுங்கள். அணியில் இடம் போய்விடும் என்று வலியை மறைக்காத ஆட்டக்காரி ரொம்பக் குறைவு. கோர்ட்டில் யாராவது மனம் நோகும்படி நடந்துகொண்டார்களா என்பதை நீங்கள் மட்டும், அவள் அப்பா இல்லாத நேரத்தில், மெதுவாகக் கேளுங்கள். எதுவுமில்லை, களைப்புதான் என்றால் அதை நம்புங்கள்.

வேலை விஷயத்தில் உங்கள் கவலை நியாயமானது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வேயும் தனியாக எடுக்கிறது. அவள் பல்கலைக்கழகத்துக்கு ஆடியதற்கான சான்று ஃபார்ம் 3. அதில் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்து போட வேண்டும். படிப்பு முடிந்து வெளியே போய்விட்டால் அந்த ஒரு கையெழுத்துக்கு நாலு நடை நடக்க வேண்டிவரும். இந்த மாதமே வாங்கி வையுங்கள். எந்தத் தேதிக்குப் பிந்தைய சாதனைகளை எடுத்துக்கொள்வார்கள் என்று ரயில்வே அறிவிப்பிலேயே போட்டிருக்கும். ஆறு மாதத்தில் பெரிதாக எதுவும் கெட்டுப்போகாது. இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போனால் சிக்கல்தான். இதை அவளிடம் பயமுறுத்தாமல், தகவலாகச் சொல்லுங்கள். கணிதம் படிக்கிற பெண், கணக்கை அவளே போட்டுக்கொள்வாள்.

அவள் அப்பாவிடம் நான் சொன்னதாக ஒன்று சொல்லுங்கள். பத்து வருடம் விடிகாலையில் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டவர் அவராகத்தான் இருக்கும். அந்த வழக்கம் நின்றுபோவது அவருக்குத்தான் அதிகம் வலிக்கும். அதைக் கோபமாகக் காட்டாமல் மகளிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். பந்து இல்லாமலும் ஒரு நாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போகலாமே.

அந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளிடம் மட்டும் அவளே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காத்திருந்து ஏமாறக்கூடாது அந்தப் பிள்ளைகள். அவர்களில் மூத்தவள் யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்கும். பந்து வைத்திருக்கும் வலைப்பையையும் விசிலையும் அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டு வரட்டும்.