போக்கரில் 38 டொலர் வென்றேன். வைப்புப் பணத்தை எடுத்துப் பெரிய மேசைக்குப் போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 29 வயது. வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் அம்மா, தங்கையுடன் இருக்கிறேன். கோட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. சம்பளம் 145,000 ரூபா. நான்கு மாதமாக வாரத்தில் இரண்டு மூன்று இரவு இணையத்தில் போக்கர் ஆடுகிறேன். 2 சதம், 5 சதம் பிளைண்ட் (சீட்டு வருமுன் இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) உள்ள டொலர் மேசை. ஒரே நேரத்தில் இரண்டு மேசை. இதுவரை சுமார் 9,000 கை (ஒரு முறை சீட்டுப் பிரித்து ஆடுவது ஒரு கை) ஆடி 38 டொலர் வென்றிருக்கிறேன். சின்ன மேசைகளில் யாரும் பயந்து விலகுவதில்லை. எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் எதையாவது வைத்துக்கொண்டு கடைசிவரை வருகிறார்கள். ஆட்டம் தெரிந்தவர்கள் இருக்கும் 25/50 சத மேசைக்குப் போனால் நான் இன்னும் வெல்வேன் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் நான்கு இலட்சம் ரூபா நிலையான வைப்பு முதிர்கிறது. அதில் 150,000 எடுக்கலாமா? தெரிந்த முகவர் ஒருவரிடம் ரூபா கொடுத்தால் அவர் கணக்கில் டொலர் ஏற்றிவிடுவார்.

பதில்: தம்பி, வைப்புப் பணத்தைத் தொடாதீர்கள். ஆட்டத்தில் முன்னேற வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு இந்த 150,000 தேவையே இல்லை. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பதால் எண்களோடே பேசுகிறேன்.

முதலில் உங்கள் 38 டொலர். பெரிய பிளைண்ட் 5 சதம் என்றால் அது 760 பிளைண்ட். 9,000 கையில் 760 என்றால் நூறு கைக்கு எட்டரை பிளைண்ட் அளவில் வருகிறது. கேட்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் போக்கரில் அதிர்ஷ்டத்தின் ஏற்றத்தாழ்வு மிகப் பெரியது. ஆறு பேர் மேசையில் நூறு கைக்கு நியம விலகல் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) ஏறக்குறைய 90 பிளைண்ட். 9,000 கை என்பது நூறு கை கொண்ட 90 தொகுதி. 90ஐ 90இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஒன்பதரை. அதாவது உங்கள் வெற்றி வீதம் எட்டரை, அதிலுள்ள நியமப் பிழை ஒன்பதரை. உண்மையில் நீங்கள் நன்றாக ஆடுபவராகவும் இருக்கலாம், மெல்ல மெல்லத் தோற்கிறவராகவும் இருக்கலாம். இந்த எண்ணை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு இலட்சம் கை ஆடினாலும் அந்தப் பிழை மூன்றுக்குக் கிட்ட இருக்கும்.

இப்போது இதே கணக்கை 25/50 சத மேசையில் போட்டுப் பாருங்கள். அங்கே ஒரு முறை உட்காரும் தொகை 50 டொலர். டொலரை 300 ரூபாவாக வைத்தால் உங்கள் 150,000 வெறும் பத்து முறை உட்காரத்தான் போதும். நீங்கள் வெல்லவும் இல்லை, தோற்கவும் இல்லை, சரிசமமாக ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 9,000 கையில் மிகச் சாதாரணமான ஒரு கெட்ட ஓட்டம் வந்தாலே 850 பிளைண்ட் போய்விடும். அதாவது 425 டொலர். பிழையே செய்யாமல் நான்கு மாதத்தில் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிடும். அங்கே இருப்பவர்கள் உங்களைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரர்களாக இருந்தால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

"இங்கே யாரும் விலகுவதில்லை" என்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை வாசித்த வரி அதுதான். விலகாதவர்களிடம் பிளஃப் (வெறுங்கையோடு பெரிதாகப் போட்டுப் பயமுறுத்துவது) பண்ணக் கூடாது, அவ்வளவுதான். நல்ல கை வந்தால் பெரிதாகப் போடுங்கள், அவர்கள் கட்டுவார்கள். வெறுங்கை என்றால் விட்டுவிடுங்கள். மோசமான கையோடு கடைசிவரை வருகிறவர்கள்தான் சின்ன மேசையில் வருமானம் தருகிறவர்கள். அவர்களை விட்டு ஓடி, சரியாக விலகத் தெரிந்தவர்களைத் தேடிக் காசு கொடுத்துப் போவது தலைகீழான திட்டம்.

அடுத்தது, எத்தனை கைக்குள் இறங்குகிறீர்கள் என்பது. வீட்டில் 304 அடித்துப் பழகிய நம்மவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: கையில் வந்ததை வைத்து எப்படியாவது ஆடி முடிக்க வேண்டும். போக்கரில் அந்தக் கட்டாயம் கிடையாது. முதலில் பேச (முடிவைச் சொல்ல) வேண்டிய இடத்தில் இருந்தால் பெரும்பாலான கைகளை வீசிவிடுங்கள். பட்டன் (கடைசியாகப் பேசும் இடம்) உங்களிடம் இருக்கும்போது, எல்லோரும் என்ன செய்தார்கள் என்று பார்த்த பிறகு நீங்கள் பேசலாம் என்பதால் கூடுதல் கைகளை ஆடலாம். தளம் எடுக்கும் தரகான ரேக்கையும் மறக்காதீர்கள். பல தளங்கள் பொட்டில் (நடுவில் சேரும் மொத்தப் பந்தயப் பணத்தில்) 5 வீதம் அளவில் எடுக்கின்றன. ஃப்ளொப் (மேசையில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) வராமல் முடிந்த கைக்குப் பெரும்பாலும் எடுப்பதில்லை. 2 டொலர் பொட்டில் 5 வீதம் என்றால் 10 சதம், உங்கள் மேசையில் இரண்டு பெரிய பிளைண்ட். சும்மா பார்ப்போமே என்று இறங்கும் அரைகுறைக் கைகள் இந்தத் தரகுக்கே போய்விடும்.

பொட் கணக்கையும் தாளில் எழுதிப் பழகுங்கள். பொட்டில் 1 டொலர் இருக்கிறது, எதிராளி 50 சதம் போடுகிறார். நீங்கள் 50 சதம் கொடுத்தால் மொத்தம் 2 டொலர். ஆக 25 வீத வாய்ப்பு இருந்தால்தான் கட்டுப்படியாகும். ஃப்ளொப்பில் உங்கள் இரண்டு சீட்டையும் சேர்த்து ஒரே சின்னத்தில் நான்கு சீட்டு இருக்கிறது, ஐந்தாவது வந்தால் வெல்வீர்கள் என்றால், தெரியாத 47 சீட்டில் உங்களுக்கு வேண்டியவை 9. அடுத்த சீட்டில் கிடைக்க 19 வீதம், கடைசிவரை, அதாவது மீதி இரண்டு சீட்டையும் பார்த்தால் 35 வீதம். இருவரும் எல்லாவற்றையும் போட்டு முடித்திருந்தால் 35ஐ எடுக்கலாம். அவர் அடுத்த சுற்றிலும் போடக்கூடியவர் என்றால் 19ஐத்தான் எடுக்க வேண்டும். அப்போது சீட்டு வந்த பிறகு அவர் இன்னும் கட்டுவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் தொடரலாம். இந்த 35க்கும் 19க்கும் உள்ள வித்தியாசம் மனதில் பதிந்தாலே உங்கள் மேசையில் பாதிப் பேரைத் தாண்டிவிடுவீர்கள் என்பது என் கணிப்பு.

இரண்டு இரவு ஆடினால் மூன்றாவது இரவு ஆடாதீர்கள். தளத்தில் சேமிக்கப்பட்ட உங்கள் கைகளைத் திறந்து, பெரிய பொட்டுகளில் பத்தை எடுத்து ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதுங்கள். வென்ற கைகளையும் பாருங்கள். தப்பாக ஆடி வென்ற கைதான் நம்மை ஏமாற்றும். வட்ஸ்அப்பில் வகுப்பு விற்கிறவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பணத்துக்கு என் வரம்பு இது: கையிலிருந்து புதிதாகப் போடுவது மாதம் 3,000 ரூபா, படம் பார்க்கப் போகிற செலவு மாதிரி. ஓர் இரவில் மூன்று முறை உட்கார்ந்த தொகை போனால் அன்றைக்கு முடித்துவிடுங்கள். 5/10 சத மேசைக்கு, சம்பளத்திலிருந்து அல்ல, வென்ற பணத்திலேயே 300 டொலர் சேர்ந்த பிறகு போங்கள். இழந்ததைப் பிடிக்க வேண்டும் என்று தூக்கம் கெட்டால், அல்லது அம்மாவிடம் மறைக்கத் தொடங்கினால், ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எடுத்துப் பேசுங்கள். தயங்க வேண்டாம்.

முகவர் விஷயம்தான் எனக்கு அதிகம் பயம். ரூபாவை அவர் கையில் கொடுத்த நொடியிலிருந்து உங்களிடம் இருப்பது அவருடைய வாக்கு மட்டும். இந்த வாரமே 38 டொலரையும் திருப்பிக் கேளுங்கள். வருகிறதா, எத்தனை நாளில், எவ்வளவு கழித்து வருகிறது என்று பாருங்கள். கிரிப்டோ வாங்கி அனுப்பச் சொன்னால் செய்யாதீர்கள். மெய்நிகர் நாணயத்துக்குக் கடனட்டை, டெபிட் அட்டை பயன்படுத்த மத்திய வங்கி அனுமதிப்பதில்லை. சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டமும் 2025இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது, இணைய ஆட்டமும் அதன் பார்வைக்குள் வருகிறது. ஆகவே எந்தத் தளம், யாருடைய அனுமதியோடு நடக்கிறது என்று தெரியாமல் ஒரு சதமும் போடாதீர்கள்.

இனி அந்த நான்கு இலட்சம். வாடகை வீட்டில் மூன்று பேர், சம்பளம் ஒன்று என்றால் அது உங்கள் மூன்று மாதச் செலவுக்குக் கிட்ட. 2022இல் வரிசைகளில் நின்ற நாட்களில் கையிருப்பு இருந்த வீடுகளும் இல்லாத வீடுகளும் எப்படிச் சமாளித்தன என்று நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதை அப்படியே புதுப்பியுங்கள்.

புதுப்பிக்கும்போது ஒரு வேலை இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் நிறுத்திவைப்பு வரி பிடிக்கிறார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதிலிருந்து விலகலாம். உங்கள் சம்பளம் ஆண்டுக்கு 1,740,000; வட்டி 8 வீதம் என்று வைத்தால் 32,000. போனஸ் போன்ற வேறு வருமானம் இல்லை என்றால் நீங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள். மிச்சமாவது 3,200 ரூபா. உங்கள் 38 டொலர் சுமார் 70 மணி நேர உழைப்பு, மணிக்கு 165 ரூபாகூட இல்லை. அந்தப் படிவம் ஏறக்குறைய 20 மணி நேரப் போக்கருக்குச் சமம். வரி இலக்கத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, வைப்பு முதிர்வதற்கு முதல் நாளே கிளைக்குப் போய்விடுங்கள்.