'கெட்' என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தமா? ஆங்கிலத்தில் அதை எப்படிப் புரிந்துகொண்டு பயன்படுத்துவது?

'கெட்' என்றால் 'பெறு' என்று மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்கிற இடம் இது. 'ஐ காட் எ லெட்டர்' வரைக்கும் சிக்கல் இல்லை. 'ஐ காட் டயர்ட்' என்றால் களைப்பைப் பெற்றேனா? 'ஐ காட் ஹோம்' என்றால் வீட்டையே பெற்றேனா?

அர்த்தங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனால் விடியாது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். 'பி' (ஆம், இஸ், ஆர்), 'ஹேவ்' இரண்டும் ஒரு நிலையைச் சொல்பவை. அந்த நிலைக்கு வந்து சேர்வதைச் சொல்வது 'கெட்'. 'ஐ காட் எ ஜாப்' என்பது நடந்தது. அதற்குப் பிறகு 'ஐ ஹேவ் எ ஜாப்'. 'ஐ காட் டயர்ட்' நடந்தது; இப்போது 'ஐ ஆம் டயர்ட்'. 'ஐ காட் ஹோம்' நடந்தது. இப்போது 'ஐ ஆம் அட் ஹோம்'. பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனை பலிக்கும். எந்த அர்த்தம் என்பதை 'கெட்' சொல்லாது, அதற்கு அடுத்து வரும் சொல்தான் சொல்லும்.

அடுத்து வருவது ஒரு பொருள் என்றால் கிடைப்பது, வாங்குவது, கொண்டுவருவது. தமிழில் 'வாங்கினேன்' வேறு, 'கிடைத்தது' வேறு. முயற்சி இருந்ததா இல்லையா என்று நம் வினையே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலம் அந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை. கடையில் சட்டை வாங்கினாலும் 'காட்', பரிசு தேடி வந்தாலும் 'காட்', காய்ச்சல் வந்தாலும் 'காட்'. 'கெட் மீ சம் வாட்டர்' என்றால் தண்ணீர் கொண்டு வா.

இங்கேதான் நம்மவர்களின் பெரிய தவறு பிறக்கிறது. 'எனக்கு அந்தப் புத்தகம் கிடைக்க மாட்டேங்குது' என்ற வாக்கியத்தில் எழுவாய் புத்தகம். அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் 'தட் புக் இஸ் நாட் கெட்டிங்' என்கிறோம். 'கிடை'க்கு எழுவாய் கிடைக்கும் பொருள். 'கெட்'டுக்கு எழுவாய் அது யாருக்குக் கிடைக்கிறதோ அந்த ஆள். ஆகவே 'ஐ கான்ட் கெட் தட் புக் எனிவேர்'. ஆளே வேண்டாம் என்றால் 'தட் புக் இஸ் நாட் அவெய்லபிள்'. போனில் 'லைன் கிடைக்கல' என்பதும் இதே கதைதான்: 'ஐ கான்ட் கெட் த்ரூ'.

அடுத்து வருவது பெயரடை என்றால் 'ஆகு'. 'இட்ஸ் கெட்டிங் டார்க்', இருட்டிக்கொண்டு வருகிறது. 'இட்ஸ் கெட்டிங் லேட்', நேரமாகிறது. தமிழில் நாம் பெயர்ச்சொல்லோடு 'வா' சேர்த்துச் சொல்பவை பல ஆங்கிலத்தில் இந்த வகையில் விழும்: கோபம் வந்தது, பசி வந்தது. 'காட் ஆங்கர்' தப்பு, 'காட் ஆங்க்ரி'தான் சரி. 'காட் ஹங்கர்' இல்லை, 'காட் ஹங்க்ரி'.

எல்லா மாற்றத்துக்கும் 'கெட்' ஒத்துவராது. பால் கெட்டுப்போனால் 'கோ பேட்', தலை வழுக்கையானால் 'கோ பால்ட்', பார்வை போனால் 'கோ பிளைண்ட்'. தூங்கிப்போவது 'ஃபால் அஸ்லீப்'. இவற்றுக்கு விதி தேடாமல் ஜோடி ஜோடியாக மனதில் வைத்துக்கொள்வதே சுலபம்.

கல்யாணத்தில் 'பி', 'கெட்' இரண்டும் கலந்து குழப்பும். 'ஹி இஸ் மேரிட்' என்றால் கல்யாணமானவர், அது நிலை. 'ஹி காட் மேரிட் இன் 2015' என்றால் அந்த ஆண்டு கல்யாணம் ஆயிற்று, அது நிகழ்ச்சி. யாரோடு என்று சொல்லும்போது 'வித்' அல்ல, 'டு': 'காட் மேரிட் டு எ டாக்டர்'.

இடம் வந்தால் போய்ச் சேர்வது. 'வென் டிட் யூ கெட் டு சேலம்?' ஊருக்கு முன்னால் 'டு' வேண்டும். 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' மூன்றுக்கும் கூடாது. 'ஐ காட் டு ஹோம்' என்று எழுதினால் மதிப்பெண் போகும். வண்டி ஏறி இறங்குவதில் ஒரு எளிய கணக்கு உண்டு. உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானத்துக்கும், மேலே ஏறி உட்காருகிற சைக்கிள், குதிரைக்கும் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. குனிந்து நுழைகிற காருக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' என்பது இந்தியாவில் எல்லோருக்கும் புரியும். லண்டனில் சொன்னால் ஒரு நொடி யோசிப்பார்கள்.

இனி கொஞ்சம் நுணுக்கமான இடம். முடி வெட்டிக்கொண்டு வந்தவர் 'ஐ கட் மை ஹேர்' என்றால், கத்தரிக்கோலை எடுத்து நானே வெட்டிக்கொண்டேன் என்றுதான் கேட்பவருக்குப் படும். வேறொருவரை வைத்துச் செய்துகொண்டது என்றால் 'ஐ காட் மை ஹேர் கட்'. வரிசை முக்கியம்: கெட், பிறகு பொருள், பிறகு வினையின் மூன்றாம் வடிவம். 'ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்', 'ஐ காட் மை ஐஸ் டெஸ்டட்'. வரிசையை மாற்றி 'ஐ காட் கட் மை ஹேர்' என்றால் வாக்கியமே நிற்காது.

செய்த ஆளைச் சொல்ல வேண்டுமானால் 'டு' சேரும்: 'ஐ காட் ஹிம் டு சைன்'. பேசியோ கெஞ்சியோ கையெழுத்துப் போட வைத்தேன் என்ற தொனி இதில் உண்டு. 'ஐ மேட் ஹிம் சைன்' என்றால் வற்புறுத்தல், அங்கே 'டு' கிடையாது. தமிழில் 'போட வைத்தேன்' இரண்டுக்கும் பொது என்பதால்தான் 'டு' வரும் இடத்தில் விடுகிறோம், வராத இடத்தில் போடுகிறோம்.

நடுவே பொருள் எதுவும் வராமல் மூன்றாம் வடிவம் மட்டும் வந்தால் செயப்பாட்டு வினை: 'மை ஃபோன் காட் ஸ்டோலன்', 'ஹி காட் ஃபயர்ட்'. பெரும்பாலும் எதிர்பாராமல் வந்து விழுந்த காரியங்களுக்கு, அதுவும் பேச்சில். 'தாஜ்மஹால் காட் பில்ட்' என்றால் ஏதோ தற்செயலாக எழும்பிவிட்ட மாதிரி ஒலிக்கும். அங்கே 'வாஸ் பில்ட்'தான்.

'டு' சேர்ந்த வினை வந்தால் வாய்ப்பு கிடைத்தது என்று பொருள். 'ஐ காட் டு மீட் ஹெர்', அவரைச் சந்திக்கும் வாய்ப்பு கிடைத்தது. ஆனால் 'ஐ ஹேவ் காட் டு கோ' என்றால் போயே ஆக வேண்டும். பேச்சில் அந்த 'ஹேவ்' தேய்ந்து மறைந்து 'ஐ காட் டு கோ' என்றோ 'ஐ காட்டா கோ' என்றோ ஆகிவிடும். 'ஐ காட் டு கோ' என்று காதில் விழுந்தால், போகக் கிடைத்ததா, போக வேண்டியிருக்கிறதா என்பது இடத்தை வைத்துத்தான் தெரியும்.

'ஐ ஹேவ் காட் எ கார்' என்பதற்கும் 'ஐ ஹேவ் எ கார்' என்பதற்கும் பொருள் ஒன்றே. கேள்வியில் இரண்டையும் கலக்கக் கூடாது: 'ஹேவ் யூ காட் எ கார்?' அல்லது 'டு யூ ஹேவ் எ கார்?' அமெரிக்கர்களிடம் இன்னொரு வடிவம் உண்டு, 'காட்டன்' (பருத்தி அல்ல!). 'ஐ ஹேவ் காட்டன் எ டிக்கெட்' என்றால் டிக்கெட் வாங்கியாயிற்று, 'ஐ ஹேவ் காட் எ டிக்கெட்' என்றால் கையில் இருக்கிறது. அதை அமெரிக்கக் கொச்சை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. உண்மையில் பழைய வடிவம் அதுதான். பிரிட்டனில் வழக்கொழிந்தாலும், தப்பு வழியில் வந்த சொத்தைக் குறிக்கும் 'இல்-காட்டன்' என்ற சொல்லில் அங்கேயும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'டிட்' வந்த பிறகு 'காட்' வரவே வராது. 'டிட் யூ காட் இட்?' என்பது வாட்ஸ்அப்பில் தினமும் கண்ணில் படும் தவறு. 'டிட் யூ கெட் இட்?' என்பதே சரி. இதற்கே 'புரிந்ததா?' என்ற பொருளும் உண்டு.

கடைசியாக, எழுத்து. அலுவலகக் கடிதத்திலும் தேர்வுக் கட்டுரையிலும் 'கெட்'டைக் குறைத்துக்கொள்வது நல்லது: கிடைத்ததற்கு 'ரிசீவ்', முயன்று பெற்றதற்கு 'அப்டெய்ன்', ஆனதற்கு 'பிகம்', சேர்ந்ததற்கு 'அரைவ்'. அதற்காக நண்பரிடம் போய் 'ஐ ரிசீவ்ட் யுவர் மெசேஜ்' என்றால் வக்கீல் நோட்டீஸ் வாசிப்பது மாதிரி இருக்கும். அங்கே 'காட் இட்' போதும்.