ஐஸ் பழக்கம் ஏற்கெனவே உள்ள மனநோயைக் கூட்டுமா?

சைக்கோசிஸுக்குக் (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் போன்றவை வரும் மனநோய்) குளிசை எடுக்கும் உங்கள் தம்பி, கொழும்பில் ஐஸ் என்ற போதைப்பொருளைப் பழகி, தீபாவளிக்கு ஹட்டன் வந்ததிலிருந்து லயத்துச் சுவரில் காதை வைத்து, 'பக்கத்துக் காம்பராவில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்' என்கிறான். ஐஸ்தான் காரணமா என்று கேட்கிறீர்கள்.

ஐஸ் கட்டாயம் கூட்டும். மூளையில் டோபமின் என்ற இரசாயனம் மிகையாக வேலை செய்வது குரல் கேட்பதற்கும் வீண் சந்தேகத்துக்கும் முக்கியக் காரணம். குளிசை, டோபமின் போய் ஒட்டும் இடங்களை அடைக்கிறது. ஐஸ், அதாவது மெத்தம்பெட்டமின், டோபமினைக் கொட்டுகிறது. மற்றவர்களை அவ்வளவாகப் பாதிக்காத அளவுகூட இந்த நோய் உள்ளவர்களுக்குக் குரல்களைக் கிளப்பிவிடலாம். தூங்காத இரவுகள் வேறு.

நோயே இல்லாதவருக்கு ஐஸால் வரும் குழப்பம் பெரும்பாலும் நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ அடங்கும். தம்பி விஷயத்தில் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மந்திரிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், கிளினிக்கில் ஐஸ் கதையை மறைக்காமல் சொல்லுங்கள் (வெட்கத்தில் பலர் மறைக்கிறார்கள், காரணம் தெரியாமல் டாக்டரும் குளிசையைத்தான் கூட்டுவார்). அவசரமென்றால் தேசிய மனநல உதவி எண் 1926.

அப்புறம், குளிசை க்ளோசபின் என்றால் தேத்தண்ணியையும் திடீரென்று கூட்ட வேண்டாம். கஃபீன் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவை ஏற்றிவிடும்.