கணக்குப்பிள்ளை பதில்கள்: டீசல் குறைந்தால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: எரிபொருள் பயன்பாடு குறைந்தால் பொருளாதாரம் சரிகிறது என்று அர்த்தம் என ஒரு நிபுணர் தொலைக்காட்சியில் அடித்துச் சொன்னார். அவ்வளவு எளிதாக முடிவு கட்டிவிடலாமா? (கல்லூரி மாணவி)

எந்த எரிபொருள் என்று அவர் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுங்கள்.

பெட்ரோல் பெரும்பாலும் ஆட்களைச் சுமக்கிறது, டீசல் பெரும்பாலும் சரக்கைச் சுமக்கிறது. ஐரோப்பாவில் கார்களும் ஏராளமாக டீசலில் ஓடுவதால் அங்கே இந்தப் பிரிவினை அவ்வளவு சுத்தமாக வராது. மற்ற இடங்களில் ஓரளவு சரியாகவே வரும். கையில் காசு குறைந்த குடும்பம் துணிமணியைக் குறைக்கும், ஊர்சுற்றலைக் குறைக்கும். வேலைக்குப் போகிற வண்டிக்கு மட்டும் எப்படியாவது பெட்ரோல் போட்டுவிடும். அதனால் பெட்ரோல் கணக்கு மெதுவாகத்தான் அசையும். டீசல் அப்படியில்லை. சிமென்ட் ஆர்டர் ஒன்று ரத்தானால் அந்த வாரமே ஒரு நடை ரத்தாகும். ஆசைக்காக யாரும் லாரி ஓட்டுவதில்லை.

நான் ஒரு லாரி கம்பெனியில் 31 வருஷம் கணக்கு எழுதியவன். மேஜையில் எப்போதும் மூன்று நோட்டு இருக்கும்: டீசல் நோட்டு, டிரிப் நோட்டு, வசூல் நோட்டு. முதலாளி தினமும் டீசல் நோட்டை மட்டும் புரட்டிப் பார்ப்பார். அது நிறைந்திருந்தால் அவர் முகமும் நிறைந்திருக்கும். ஒரு வருஷம் டீசல் வழக்கம்போலவே போய்க்கொண்டிருந்தது. ஆனால் டிரிப் நோட்டில் ‘ரிட்டர்ன் லோடு’ என்கிற கட்டம் காலியாக வர ஆரம்பித்தது. போகும்போது சரக்கோடு போன வண்டி, திரும்பி வர இரண்டு மூன்று நாள் காத்துக் கிடந்தும் லோடு கிடைக்காமல் வெறுமனே வந்தது. முதலாளியிடம் சொன்னேன். “வண்டி ஓடிக்கிட்டுதானே இருக்கு?” என்றார். “ஓடுது முதலாளி, சும்மா ஓடுது” என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நான்கு வண்டிகளை ஷெட்டில் நிறுத்தினோம். அப்போதுதான் டீசல் நோட்டு இளைத்தது. அதற்குள் வசூல் நோட்டில் பாக்கி ஏறிவிட்டது, டிரைவர்கள் அட்வான்ஸ் கேட்டு என் மேஜையைச் சுற்றி நிற்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஆக, டீசல் குறைவது கஷ்டத்தின் முதல் அறிகுறி என்று நான் சொல்ல மாட்டேன். காலி வண்டியும் டீசல் குடிக்கும். லிட்டர் கணக்கோடு எத்தனை டன் சரக்கு நகர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்காதவர் என் பழைய முதலாளியைப் போலத்தான் ஏமாறுவார்.

கேள்வி: அதுதான் ஜி.டி.பி. (மொத்த உள்நாட்டு உற்பத்தி) புள்ளிவிவரம் இருக்கிறதே, எண்ணெயை ஏன் பார்க்க வேண்டும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஜி.டி.பி. தாமதமாக வரும் ஐயா. வந்த பிறகும் திருத்துவார்கள். அமெரிக்காவில் மந்தநிலை எப்போது தொடங்கியது என்று தேதி குறிப்பது தேசியப் பொருளாதார ஆய்வு மையத்தின் வேலை. 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலையை அவர்கள் அறிவித்தது 2008 டிசம்பர் 1 அன்று. அதற்குள் லேமன் பிரதர்ஸ் என்கிற பெரிய முதலீட்டு வங்கி கவிழ்ந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. அந்த 2008இல் அமெரிக்கர்கள் வண்டி ஓட்டிய மொத்தத் தூரமும் முந்தைய ஆண்டைவிடக் குறைவு. எரிபொருள் விற்பனைக் கணக்கு மாதாமாதம் வரும், சில நாடுகளில் வாராவாரம்கூட வரும். அதற்காகத்தான் பார்க்கிறோம்.

சீனாவில் பின்னாளில் பிரதமரான லீ கெச்சியாங், 2007இல் லியாவோனிங் மாகாணக் கட்சிச் செயலாளராக இருந்தபோது அமெரிக்கத் தூதரிடம் ஒன்று சொன்னார். மாகாண ஜி.டி.பி. எண்கள் நம்பத்தக்கவை அல்ல, தான் பார்ப்பது மின்சாரப் பயன்பாடு, ரயில் சரக்கு, வங்கிக் கடன் ஆகிய மூன்றைத்தான் என்றார். ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் மூலம் இது வெளியே வந்தது. அந்த மூன்றில் எண்ணெய் இல்லை, சரக்கு இருக்கிறது. கணக்குப்பிள்ளை புத்தி உள்ளவர்!

கேள்வி: பிப்ரவரியில் விற்பனை 3 சதவீதம் விழுந்தது என்று செய்தி வந்தது. ஆபத்தா? (வியாபாரி)

போன வருஷம் லீப் வருஷமா என்று முதலில் பாருங்கள். 29 நாள் பிப்ரவரியோடு 28 நாள் பிப்ரவரியை ஒப்பிட்டால், ஒருவர்கூட வண்டியை நிறுத்தாமலே கிட்டத்தட்ட 3.4 சதவீதம் குறையும். மாத மொத்தத்தை நாள் சராசரியாக மாற்றிவிட்டுப் பேச வேண்டும்.

இன்னொன்று. பல நாடுகளில் ‘பயன்பாடு’ என்று வெளியிடுவது உண்மையில் எரித்த அளவு அல்ல, சுத்திகரிப்பு ஆலையிலிருந்தும் கிடங்கிலிருந்தும் வெளியே போன அளவு. விலை ஏறப்போகிறது என்று காற்றுவாக்கில் செய்தி வந்தாலே போதும், எல்லோரும் டேங்கை நிரப்பிவிடுவார்கள். அடுத்த மாதம் விற்பனை விழும். நல்ல மழை பெய்தால் பாசனத்துக்கு டீசல் பம்பு ஓடாது, அப்போதும் விழும். அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஒரு மாதத்தை வைத்துக்கொண்டு எதுவும் பேசாதீர்கள், மூன்று மாதமாவது பாருங்கள்.

கேள்வி: மின்சார வண்டிகள் பெருகும்போது பெட்ரோல் குறையத்தானே செய்யும்? நல்லதனமான குறைவையும் கெட்ட குறைவையும் எப்படிப் பிரிப்பது? (பொறியாளர்)

நார்வேயில் 2024இல் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு மின்சாரக் கார்கள். அங்கே பெட்ரோல் விற்பனை குறைவதைப் பார்த்து யாரும் தலையில் கை வைக்கவில்லை.

சிக்கலான உதாரணம் சீனா. 2024இல் அங்கே டீசல் பயன்பாடு குறைந்தது. வீடுகட்டும் தொழில் படுத்ததால் மண்ணும் கம்பியும் சுமக்கும் வேலை குறைந்தது ஒரு காரணம். கனரக லாரிகள் டீசலை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறியது இன்னொரு காரணம். ஒன்று நோவு, ஒன்று மாற்றம். இரண்டும் ஒரே எண்ணுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. அந்த எண்ணை மட்டும் எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் பிரியாது. ரயிலிலும் சாலையிலும் போன சரக்கு, தொழிற்சாலை மின்சாரம், இந்த இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். அவை ஏறிக்கொண்டிருக்க டீசல் மட்டும் இறங்கினால் வண்டி மாறியிருக்கிறது. எல்லாம் சேர்ந்து இறங்கினால் லோடு இல்லை.

கேள்வி: எரிபொருளே கிடைக்காமல் பயன்பாடு குறைந்தால் அதையும் இதே கணக்கில் சேர்ப்பதா? (இல்லத்தரசி)

இந்த இதழின் நல்ல கேள்வி உங்களுடையதுதான் அம்மா. எரிபொருள் இல்லாததால் விற்கவில்லை, வாங்க ஆள் இல்லாததால் விற்கவில்லை. நோட்டில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் விழும்.

2022இல் இலங்கையில் இறக்குமதிக்கு டாலர் இல்லை. ஜூன் கடைசியில் அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டும் எரிபொருள் என்று அறிவித்தார்கள், அப்புறம் கியூ.ஆர். அட்டை போட்டுப் பங்கிட்டார்கள். அங்கே எரிபொருள் பயன்பாடு குறைந்தது கஷ்டத்தின் விளைவு மட்டும் அல்ல, அதுவே அடுத்த கஷ்டத்துக்குக் காரணமாகவும் ஆனது. படகு கடலுக்குப் போகவில்லை, பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை. 1990களில் சோவியத் எண்ணெய் நின்றுபோன கியூபாவிலும் இப்படித்தான். சீனாவிலிருந்து லட்சக்கணக்கில் சைக்கிள் இறக்கி ஜனங்களை மிதிக்கவைத்தார்கள்.

பிரித்துப் பார்க்க நான் வைத்திருக்கும் வழி விலைதான். பயன்பாடும் விலையும் சேர்ந்து விழுந்தால் வாங்க ஆள் இல்லை. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட கச்சா எண்ணெய், அந்த டிசம்பரிலேயே 35 டாலருக்கும் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயை மே மாதம் எடுத்துக்கொள்வதாக முன்கூட்டியே போடும் ஒப்பந்தத்தின் விலை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஊரடங்கில் வண்டிகள் நின்றுவிட்டன, எண்ணெயை வைக்கக் கிடங்கில் இடமில்லை. பயன்பாடு விழுந்து விலை ஏறினாலோ, பெட்ரோல் பங்கில் வரிசை நின்றாலோ, ஆள் இருக்கிறது, எண்ணெய் இல்லை. அரசாங்கம் விலையைக் கட்டிப்போட்டிருக்கும் நாடுகளில் விலை பேசாது, வரிசைதான் பேசும்.

கேள்வி: கணக்குப்பிள்ளை வீட்டில் பெட்ரோல் செலவு எப்படி? (குறும்புக்கார வாசகர்)

போன வருஷத்தில் பாதி. ஸ்கூட்டரை மகள் எடுத்துக்கொண்டாள், கணக்கு அவள் நோட்டுக்குப் போய்விட்டது. எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான் ஏறுமுகம்.