அண்ணாச்சி பதில்கள்: கொடைக்கு ஏஐ பாட்டு போடலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஊர் சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு இந்த வருஷம் வில்லுப்பாட்டு வேண்டாம், சாமி கதையை ஏஐயிடம் கொடுத்துப் பாட்டாக்கி ஸ்பீக்கரில் போட்டுவிடலாம் என்று இளவட்டங்கள் சொல்கிறார்கள். ஒரு பாட்டு போட்டும் காட்டினார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. கொடைக்கு வரிப்பணம் தருகிற வரிதாரர்களிடம் என்ன சொல்ல?
– கொடைக் கமிட்டிக்காரர் ஒருவர், வள்ளியூர் பக்கம்

பதில்: நன்றாகத்தான் இருக்கும், அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. சூனோ, யூடியோ போன்ற ஏஐ தளங்களில் நாலு வரி எழுதிப் போட்டால், டீ ஆறுவதற்குள் குரல், தாளம் எல்லாம் சேர்ந்து முழுப் பாட்டாக வந்து விழுகிறது. ஆனால் கொடையில் வில்லுப்பாட்டு வைப்பது சும்மா உட்கார்ந்து ரசிக்கவா? மதியக் கொடை நேரத்தில் சாமியாடி இன்னும் அசையாமல் நிற்கிறார் என்றால் தலைமைப் பாடகரான புலவர், சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட்டை நீட்டுவார், உடுக்கை வேகம் பிடிக்கும், குடத்தில் அடி கூடும், பின்பாட்டுக்காரர்கள் ஏற்றிப் பிடிப்பார்கள், அருள் வந்த பிறகுதான் கதை அடுத்த கட்டத்துக்கு நகரும்; பூசை தாமதமானால் உள்ளூர்க் கதை ஒன்றை நடுவில் செருகி, யாராவது ஒரு வரிதாரரைக் கிண்டல் செய்து நேரத்தை ஓட்டுவார். கொடையில் ஆடுகிற கணியான் கூத்திலும் அப்படித்தான், தலைமைப் பாடகரான அண்ணாவி பாடும்போது மகுடம் என்ற தோல்வாத்தியம் அடிக்கிறவர்களின் கண் சாமியாடி மேல்தான் இருக்கும். ஸ்பீக்கரில் ஓடுகிற பாட்டு சாமி வந்தாலும் வராவிட்டாலும் நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். திரும்பப் போடலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று. சுடலை கதை ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊர்ப் பீடத்துக்குச் சாமி எப்படி வந்தார் என்பது பெரியவர்களுக்கும் வழக்கமாக வருகிற புலவருக்கும்தான் தெரியும். யாரும் எழுதிக் கொடுக்காவிட்டால் ஏஐ தன்பாட்டுக்கு ஒரு பொதுக் கதையை அடித்துவிடும். கொடைக்குக் கால் நடுகிற கால்நாட்டு அன்றைக்கு மைக் செட்டில் போட அந்தப் பாட்டை வைத்துக்கொள்ளுங்கள், அழைப்பு வீடியோவுக்கும் ஆகும். குழுவுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடிக்கத்தான் இந்த யோசனை என்றால், வாணவேடிக்கையில் குறையுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் பாட்டுக் கட்டுவது இப்போது வந்த விஷயம்தானே? அப்பா, அதெல்லாம் அந்தக் காலத்திலேயே உண்டு என்கிறார்.
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: அப்பா சொல்வது சரி. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லெஜாரன் ஹில்லரும் லியோனார்ட் ஐசக்சனும் 1957-லேயே 'இல்லியாக்' என்ற கம்ப்யூட்டரை வைத்து நாலு தந்தி வாத்தியங்களுக்கு ஒரு இசைத் தொகுப்பு எழுத வைத்துவிட்டார்கள். ஹில்லர் வேதியியல்காரர் என்பது கூடுதல் வேடிக்கை. கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு சுரங்களைப் பொறுக்கிப் போடும், மேற்கத்திய இசை இலக்கணத்துக்குப் பொருந்தாததைத் தள்ளிவிடும், மிஞ்சியதுதான் பாட்டு. வாசித்தது மனிதர்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது டேவிட் கோப் கதை. இசையமைப்பாளரான இவர் 1980-களின் தொடக்கத்தில் ஒரு இசை நாடகம் எழுத ஒப்புக்கொண்டு, ஒன்றும் ஓடாமல் உட்கார்ந்திருந்து, கை கொடுக்கட்டும் என்று ஒரு புரோகிராம் எழுதப்போக, கடைசியில் அது ஜெர்மானிய மேதை பாக் பாணியில் எழுதித் தள்ள ஆரம்பித்துவிட்டது. 1997-ல் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் மூன்று உருப்படி வாசித்துக் காட்டினார்கள். ஒன்று பாக் எழுதியது, ஒன்று கோப்பின் புரோகிராம் எழுதியது, ஒன்று அங்கே இசை கற்பித்த ஸ்டீவ் லார்சன் எழுதியது. எது யாருடையது என்று கேட்டால், கூட்டம் புரோகிராம் எழுதியதைப் பாக் என்றது, லார்சன் எழுதியதைக் கம்ப்யூட்டர் என்றது! பாவம் அந்த வாத்தியார். அதனால் 'கேட்டாலே கண்டுபிடித்துவிடுவேன்' என்று யாரும் மீசையை முறுக்க வேண்டாம்.

இப்போதைய ஏஐக்கு யாரும் இலக்கணம் எழுதிக் கொடுப்பதில்லை. கணக்கில்லாத ஒலிப்பதிவுகளை அதற்குள் கொட்டுகிறார்கள், எதற்குப் பின் எது வரும் என்று அதுவே பழகிக்கொள்கிறது. கொட்டிய பாட்டெல்லாம் யாருடையது என்பதில்தான் சண்டை, அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: நெல்லையப்பர் கோவில் இசைத்தூண்தான் உலகின் முதல் கம்ப்யூட்டர் இசை என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
– வாசகர், நெல்லை டவுன்

பதில்: தூண், தட்டினால் சத்தம் கொடுக்கும், பாட்டுக் கட்டாது. ஒரே கல்லில் பெரிய தூணும் சுற்றிச் சின்னத் தூண்களுமாகச் செதுக்கிய கைக்கு வாட்ஸ்அப் பட்டம் தேவையும் இல்லை. தயவுசெய்து போய்த் தட்டிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: ஏஐக்கு ராகம் வருமா? அதுவே பாடிவிடும்போது தோடி வர்ணம் நாங்கள் எதற்குப் படிக்க என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.
– பாட்டு டீச்சர், கோவில்பட்டி

பதில்: 72 மேளகர்த்தா என்கிற தாய் ராகங்கள் வெறும் கணக்கு, சின்ன புரோகிராம்கூடப் பிசகாமல் போடும். தகராறு கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதில். உங்கள் பக்கத்து எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-ல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை வெளியிட்டபோது, சுரத்தை மட்டும் எழுதினால் போதாது என்று கமகங்களுக்குத் தனித்தனி அடையாளம் போட்டார். அதைக் கையில் வைத்திருந்தாலும் பாட்டு தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டியிருக்கிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற சுரமா என்ன? இப்போதைய ஏஐ ஒலியைக் கேட்டே பழகுவதால் அந்த அசைவையும் ஓரளவு போலி செய்கிறது. நான் கேட்டவற்றில் முதல் இரண்டு வரி தோடி மாதிரி இருக்கிறது, அப்புறம் சினிமாப் பாட்டுப் பக்கம் போய்விடுகிறது. நாளைக்கு அதையும் திருத்திக்கொள்ளலாம், எனவே 'மிஷினுக்கு வராது' என்று பிள்ளைகளிடம் பந்தயம் கட்டாதீர்கள். தோடி வர்ணத்தை எத்தனையோ பேர் அற்புதமாகப் பாடிப் பதிவு செய்தாயிற்று, அதற்காக யாரும் படிப்பதை நிறுத்தவில்லையே. காருகுறிச்சி அருணாசலம் நாகசுரத்தைப் போட்டுக் கேட்க வையுங்கள், ஆசை வந்தால் தானாகப் படிப்பார்கள்.

கேள்வி: மறைந்த வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவரின் 1980-களில் வந்த கேசட்டிலிருந்து குரலை எடுத்து, ஏஐயில் புதுப் பாட்டு பாட வைத்திருக்கிறேன். யூடியூபில் போடலாமா அண்ணாச்சி? பாட்டு எனக்குத்தானே சொந்தம்?
– சேனல் நடத்துபவர், தென்காசி

பதில்: அவசரப்படாதீர்கள். கம்ப்யூட்டரால் உருவாகும் படைப்புக்கு, அதை உருவாகச் செய்தவரே ஆசிரியர் என்று நம் காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில் 1994-லேயே சேர்த்திருக்கிறார்கள், அதை வைத்து நீங்கள் வாதாடலாம். அமெரிக்காவிலோ மனிதர் கை இல்லாத படைப்புக்குக் காப்புரிமையே கிடையாது என்கிறார்கள். ஆனால் உங்கள் சிக்கல் குரல். ஏ.ஆர்.ரகுமான் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் பயன்படுத்தியபோது, இரண்டு குடும்பத்தாரிடமும் அனுமதி கேட்டு, உரிய பணமும் கொடுத்ததாகச் சொன்னார். நீங்கள் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பெரிய இசை நிறுவனங்கள், எங்கள் பாட்டைக் கேட்காமல் எடுத்தீர்கள் என்று 2024 ஜூனில் சூனோ, யூடியோ இரண்டின் மீதும் வழக்குப் போட்டன. சிலர் பிறகு சமாதானமாகி ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார். புலவர் வீட்டுக்கு யார் இருக்கிறார்கள்? எனக்கு ஏஐ மேல் உள்ள கோபமெல்லாம் இந்த ஓர் இடத்தில்தான்.

நம் சட்டப்படி பாடியவரின் உரிமை 50 வருஷம், ஒலிப்பதிவின் உரிமை 60 வருஷம், ஆக அந்தக் கேசட்டின் ஒலிப்பதிவு உரிமை இன்னும் முடியவில்லை. முதலில் அவர் வீட்டுக்குப் போய் மனைவி மக்களிடம் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள், வரும்படியில் பங்கு பேசி எழுதிக்கொள்ளுங்கள், இது ஏஐ குரல் என்று வீடியோவிலேயே போடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். கேசட் கம்பெனி மூடிப்போயிருந்தாலும் உரிமையை வேறு யாராவது வாங்கி வைத்திருக்கலாம், அதையும் விசாரித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.